தன் மேல் தானே புகார் கொடுத்தவள்

கவனக்குறைவு ஒழிப்பு வாரியம் என்று ஒன்று இருந்தது, கண்ணுகளா. பெற்றவர்கள் பிள்ளைகளைச் சரியாகக் கவனிக்கிறார்களா என்று கவனிப்பது அதன் வேலை. அதிலும் நடக்க முடியாத பிள்ளை, வலிப்பு வருகிற பிள்ளை, குழாய் வழியாகச் சாப்பிடுகிற பிள்ளை இருக்கிற வீடு என்றால் வாரியத்துக்குத் தனிக் கண். பெரிய கட்டடம். வாசலில் ஒரு தாய் குழந்தையை அணைத்தபடி நிற்கும் சிலை. சிலைக்குப் பக்கத்தில் ஒரு பலகை: 'குழந்தைகளுக்கு உள்ளே அனுமதி இல்லை.' படியில் தடுக்கி விழுந்து வைத்தால் வாரியத்துக்கல்லவா கெட்ட பெயர்?

அந்த வாசலுக்கு ஒரு நாள் காலையில் டமாரத்தின் அம்மா வந்து சேர்ந்தாள்.

டமாரம் அவளுடைய ஒரே மகள். ஏழு வயது. காலூன்றி நிற்க வராது, பேச்சு வராது, விழுங்கினால் புரையேறும் என்பதால் பாலும் கஞ்சியும் வயிற்றில் வைத்த குழாய் வழியாகத்தான். நெஞ்சில் சளி கட்டினால் அதை உறிஞ்சி எடுக்க ஒரு சின்ன மெஷின். ஆனால் சிரிப்பு வந்துவிட்டதோ, சக்கர நாற்காலியின் முன்பலகையை இரண்டு கையாலும் அடித்து ஒரு முழக்கு முழக்குவாள் பாருங்கள், பக்கத்து வீட்டு அலமாரியில் டம்ளர் எல்லாம் நடனமாடும். டமாரம் என்று பேர் வைத்தது அவள் அப்பா. அவர் வெளியூர் லாரி ஓட்டுகிறவர். வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்து, விருந்தாளி மாதிரியே போய்விடுவார்.

மிச்சம் எல்லாம் அம்மா. சட்டைக் கம்பெனியிலிருந்து மூட்டையாக வாங்கிவந்து வீட்டிலேயே பொத்தான் தைப்பாள். பொத்தானுக்கு நடுவில் பால், பாலுக்கு நடுவில் மருந்து, மருந்துக்கு நடுவில் சளி. ராத்திரியும் இதே கதைதான். அவளுக்கு இல்லாதது ஒன்றே ஒன்று, தூக்கம். ஒரு தடவை தூக்கக் கலக்கத்தில் கம்பெனிச் சட்டையோடு தான் போட்டிருந்த உடுப்பையும் சேர்த்துத் தைத்துவிட்டாள். எழுந்து நடந்தபோது சட்டையும் கூடவே வந்தது.

அதைப் பார்த்துவிட்டுத்தான் எதிர்வீட்டு அக்கா சொன்னாள், "இப்படியே போனா ஒரு நாள் நீ சுருண்டு விழுந்துடுவே. அப்புறம் டமாரத்தை யாரு பாக்கறது? வாரியத்துல போய்க் கேளுடி. இவ்வளவு பெரிய கட்டடத்துல ஒரு ஆள் கூடவா இருக்காது?"

ஆள் இருந்தார். ஜன்னலுக்குப் பின்னால் குமாஸ்தா.

"யார் மேல புகார்?" என்றார், தலையைத் தூக்காமல்.

"புகார் இல்லீங்க சார். உதவி கேட்டு வந்தேன்."

"உதவிக்கு இங்க ஜன்னல் கிடையாதும்மா. புகார்னா சொல்லுங்க, இப்பவே எழுதிடலாம்."

"மத்தியானத்துல கொஞ்ச நேரம் யாராவது வந்து என் பொண்ணு பக்கத்துல உக்காந்தா போதும் சார். நான் சித்த கண் அசருவேன்."

குமாஸ்தா இப்போது தலையைத் தூக்கினார். "கண் அசருவீங்களா? அப்படிப்பட்ட குழந்தையை வெச்சுக்கிட்டா?"

"அதுக்குத்தான் சார் யாராவது வந்தா..."

"இருங்க. இப்போ குழந்தை எங்க?"

"எதிர்வீட்டு அக்காகிட்ட விட்டுட்டு வந்திருக்கேன். இங்கதான் பிள்ளைங்களை விடமாட்டோம்னு பலகை மாட்டியிருக்கீங்களே."

"அந்த அக்கா பயிற்சி எடுத்தவங்களா?"

"அவங்க பையனுக்கு வலிப்பு சார். அதுல எடுத்த பயிற்சிதான்."

குமாஸ்தாவின் முகம் மலர்ந்துவிட்டது. பேனாவை உதறிக்கொண்டு மளமளவென்று எழுதினார். தாய் தூங்க விரும்புகிறார். குழந்தையை விட்டுவிட்டு வெளியே சுற்றுகிறார். பயிற்சி இல்லாத ஆளிடம் ஒப்படைக்கிறார். எழுதி முடித்து இரண்டு இடத்தில் கையெழுத்துக் கேட்டார்.

"எதுக்கு சார் ரெண்டு?"

"ஒண்ணு புகார் கொடுத்தவங்க போடறது. இன்னொண்ணு, புகார் யார் மேலயோ அவங்க போடறது. ரெண்டும் நீங்கதான்."

"நான் என் மேலயேவா புகார் கொடுக்கறேன்?"

"பயப்படாதீங்கம்மா," என்றார் குமாஸ்தா, குரலைத் தாழ்த்தி, மிகவும் பரிவாக. "புகார் கொடுத்தவங்க யாருங்கறதை நாங்க ரகசியமா வெச்சுக்குவோம். குத்தம் பண்ணவங்களுக்குக் கூடத் தெரியாது."

வீட்டுக்கு வந்து புருஷனுக்குப் போன் போட்டாள். அவர் எங்கேயோ ஒரு பெட்ரோல் பங்கில் நின்றுகொண்டிருந்தார்.

"நம்ம மேல கேஸா? எவன் கொடுத்தான்? பேரைச் சொல்லு, லாரியை அப்படியே திருப்பறேன்."

"நான்தாங்க கொடுத்தேன்."

"யார் மேல?"

"என் மேல."

அவர் போனை ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு அவர் சொன்னார், "நீ மொதல்ல தூங்கும்மா."

"அதைக் கேக்கப் போய்த்தாங்க இப்படி ஆச்சு."

அடுத்த வாரம் விசாரணைக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. குழந்தையை இமைப்பொழுதும் பிரியாமல் கூடவே அழைத்துவர வேண்டும் என்பது உத்தரவு. குழந்தைகளுக்கு உள்ளே அனுமதி இல்லை என்பது பலகை. உத்தரவும் வாரியத்தினுடையது, பலகையும் வாரியத்தினுடையது. எதை மீறினாலும் குற்றம். ஆகவே அவள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்த் தெருவில் நின்றாள். வாரியத் தலைவர் மூன்றாம் மாடி பால்கனியில் மைக்கோடு நின்றார். விசாரணை தொடங்கியது.

தலைவர் நல்ல உயரம், நல்ல குரல், கழுத்தில் பட்டு டை. "இந்த வாரியத்தின் பார்வையிலிருந்து," என்று ஆரம்பித்தார், "எந்தக் குழந்தையும் தப்ப முடியாது!"

வெயில் சுள்ளென்று அடித்ததால் அவள் டமாரத்தைப் பால்கனிக்கு நேர் கீழே நிழலுக்குத் தள்ளிக்கொண்டாள். மாடியிலிருந்து தலைவருக்கு டமாரம் தெரியவில்லை.

"குழந்தை எங்கே?" என்றது மைக்.

"உங்க காலுக்குக் கீழதான் சார்!"

"நல்லது. பதினெட்டு வருஷமாக நான் இந்தத் துறையில் இருக்கிறேன். ஒரு குழந்தையைக்கூட நான் கைவிட்டதில்லை. ஏனென்றால் ஒரு குழந்தையைக்கூட நான் கையில் எடுத்ததில்லை. எடுத்தால் பாசம் வரும். பாசம் வந்தால் பார்வை மங்கும். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்குத்தான் எல்லாம் தெளிவாகத் தெரியும்!"

இந்த இடத்தில் டமாரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மைக்கில் குரல் கரகரத்தால் அவளுக்கு எப்போதுமே சிரிப்பு வரும். முன்பலகையை அடித்து முழக்கினாள். கைதட்டல் என்று நினைத்துத் தலைவர் பேச்சை நீட்டினார். வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். டமாரத்தின் பால் நேரம் வந்தது. தெருவிலேயே சிரிஞ்சை மாட்டி, கையை உயர்த்திப் பிடித்துப் பால் விட்டாள் அம்மா. பால்கனி விளிம்புக்கு வெளியே ஒரு கை மட்டும் உயர்ந்திருப்பதைக் கண்ட தலைவர், "கேள்வி கேட்பதற்கு இது நேரமில்லை, அம்மா," என்று கண்டித்துவிட்டுத் தீர்ப்புக்கு வந்தார்.

வாரியத்தில் மூன்று நிறம். வெள்ளை என்றால் குற்றம் இல்லை, வழக்கு முடிந்தது. சிவப்பு என்றால் குற்றம் நிரூபணம். குழந்தையை எடுத்துக்கொண்டு போய் வாரியத்தின் இல்லத்தில் வைத்துவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் மஞ்சள், அதாவது சந்தேகம். டமாரத்தின் அம்மாவுக்கு மஞ்சள் கிடைத்தது. தினமும் மத்தியானத்திலிருந்து சாயங்காலம் வரை ஒரு கண்காணிப்பாளர் வீட்டிலேயே வந்து உட்கார்ந்து அவளைக் கவனிப்பார். அதற்குப் பெயர் தீவிரக் கண்காணிப்பு.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்குக் காதில் வேறு எதுவும் விழவில்லை. எடுத்துக்கொண்டு போய் வைத்துவிடுவார்கள். அது ஒன்றுதான் திரும்பத் திரும்ப விழுந்தது. அன்றைக்கு டமாரத்தைத் தூக்கிப் படுக்கவைக்கும்போது வழக்கத்தைவிட இறுக்கமாகப் பிடித்துவிட்டாள் போல. குழந்தை முகத்தைச் சுளித்தது.

மறுநாள் கண்காணிப்பாளர் வந்தார். ஒல்லியான மனிதர், நரைத்த மீசை, தோளில் மடக்கு நாற்காலி. குற்றம் சாட்டப்பட்டவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் அது லஞ்சமாம். குடிதண்ணீரையும் பாட்டிலில் கொண்டுவந்திருந்தார்.

"நீங்க பாட்டுக்கு உங்க வேலையைப் பாருங்கம்மா. நான் இருக்கறதாவே நினைக்காதீங்க," என்று சொல்லிவிட்டு, அந்தச் சின்ன அறையில் நாற்காலியை விரித்தார். பிறகு அவள் அவரைச் சுற்றிக்கொண்டுதான் அடுப்படிக்குப் போக முடிந்தது.

"சார், அந்தத் துணியைக் கொஞ்சம் எடுத்துத் தர்றீங்களா? உங்க காலடியிலதான் கிடக்கு."

"மன்னிக்கணும். கைபடாக் கொள்கை."

"அப்படின்னா?"

"பார்க்கலாம். எழுதலாம். கை படக்கூடாது. கை பட்டா வேலை போயிடும்."

எழுதினார். 'தாய் கொட்டாவி விட்டார். பெரியது.' 'குழந்தை சிரித்தது. காரணம் தெரியவில்லை.' 'தாய் குழந்தையிடம் தொடர்ந்து பேசுகிறார். குழந்தை பதில் சொல்லவில்லை. ஆனாலும் பேசுகிறார்.' அவள் கண்ணைச் சிமிட்டக்கூடப் பயந்தாள். தூக்கம் வந்தால் தொடையைக் கிள்ளிக்கொண்டாள். முன்பாவது மதியத்தில் நின்றபடியே ஒரு கோழித் தூக்கம் போடுவாள். கவனக்குறைவை ஒழிக்க ஆள் வந்ததும் அதுவும் போயிற்று.

எத்தனை நாள்தான் உடம்பு தாங்கும், சொல்லுங்கள். ஒரு மத்தியானம் பொத்தானில் நூலைக் கோத்தபடியே தலை சாய்ந்துவிட்டது.

திடுக்கிட்டு எழுந்தபோது ஜன்னலில் வெயில் இல்லை. அவள் தரையில் பாய் மேல் கிடந்தாள். தலைக்குக் கீழே சட்டை மூட்டை. 'போச்சு, எல்லாம் போச்சு,' என்று பதறிக்கொண்டு திரும்பினாள்.

கண்காணிப்பாளர் தரையில் டமாரத்தின் நாற்காலி ஓரமாக உட்கார்ந்திருந்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தார். சட்டையெல்லாம் பால். சளி மெஷின் பக்கத்தில் இருந்தது. டமாரம் அவருடைய மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"சார்... நான் தூங்கிட்டேன்."

"நான் தொட்டுட்டேன்," என்றார் அவர். முகம் வெளிறிப்போயிருந்தது. "சளி வந்து மூச்சு திணறுச்சும்மா. விதிப்படி நான் உங்களை எழுப்பி, 'சளி வந்துள்ளது'ன்னு அறிவிக்கணும். எழுப்பலாம்னுதான் கிட்ட வந்தேன். உங்க மூஞ்சியைப் பாத்தா... எழுப்பத் தோணல. தினம் நீங்க பண்றதைத்தானே உக்காந்து பாக்கறேன். அதே மாதிரி ஒருக்களிச்சுப் படுக்கவெச்சு மெஷினைப் போட்டேன். அப்புறம் பால் நேரம் வந்துடுச்சு. பாதி இவளுக்கு, பாதி எனக்கு."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் யாரைப் பற்றி எழுதுவது?

"டீ போடட்டுமாண்ணே?" என்றாள் அவள்.

"லஞ்சம்," என்றார் அவர். கொஞ்சம் யோசித்தார். "சர்க்கரை கம்மியாப் போடும்மா."

அன்றிலிருந்து மத்தியானமானால் அவள் படுப்பாள், அவர் பார்ப்பார். அவளுக்குக் கன்னத்தில் சதை பிடித்தது. பொத்தான் நேராக விழுந்தது. எவ்வளவோ நாளைக்கு அப்புறம் டமாரத்துக்குப் பாட்டுப் பாடினாள்; முன்பெல்லாம் பாட ஆரம்பித்தால் இரண்டாவது வரிக்குள் தானே தூங்கிப்போவாள்.

ஒரு சனிக்கிழமை அவர் வாயெல்லாம் பல்லாக வந்தார். "தங்கச்சி, நல்ல சேதி! உங்க மேல ஒரு குத்தமும் இல்லைன்னு எழுதிட்டேன். தங்கமான அம்மான்னு எழுதியிருக்கேன். தலைவர் வெள்ளை போட்டுடுவாரு. திங்கக்கிழமையிலேர்ந்து நான் வரவேண்டியதே இல்ல!"

அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "அடப்பாவி மனுஷா! உங்களை யாரு என்னை நல்லவன்னு எழுதச் சொன்னா?"

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. "ஐயையோ. அனுப்பிட்டேனே."

"போய்த் திருப்பி வாங்கிட்டு வாங்க. என்னைப் பத்தி நாலு வார்த்தை தப்பா எழுதுங்கண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவர் ஓடிப்போய் அறிக்கையைத் திருப்பி வாங்கிவந்தார். ஆனால் தப்பாக எழுதுவது சுலபமான வேலையா? ரொம்பத் தப்பாக எழுதினால் சிவப்பு, பிள்ளையே போய்விடும். கொஞ்சம் நன்றாக எழுதினால் வெள்ளை, அண்ணன் போய்விடுவார். மஞ்சளிலேயே நிற்க வேண்டும். இருவரும் உட்கார்ந்து டமாரத்தைத் தலையிலிருந்து கால்வரை அலசினார்கள்.

"நகம்?"

"நேத்துதான் வெட்டினேன்."

"காது?"

"பளபளன்னு இருக்கு, பாருங்க."

"என்னம்மா நீங்க, ஒரு குறை கூட வெக்க மாட்டேங்கறீங்களே!" என்று அவர் சலித்துக்கொண்டார். கடைசியில் டமாரத்துக்கு ஒரு காலில் சிவப்புக் காலுறை, ஒரு காலில் நீலக் காலுறை மாட்டினார்கள். 'காலுறைகளில் ஒற்றுமை இல்லை. காரணம் ஆராயப்பட வேண்டும்' என்று அவர் எழுதினார். மஞ்சள் நீடித்தது. அடுத்த வாரம் ரிப்பன் கோணல். அதற்கடுத்த வாரம், 'தாய் பாடுகிறார். சுருதி சேரவில்லை.'

"இது நிஜமாவே குறை சொல்ற மாதிரி இருக்கே," என்றாள் அவள்.

"உண்மை கொஞ்சம் கலந்தாத்தான் நம்புவாங்க," என்றார் அவர்.

எதிர்வீட்டு அக்கா ஒரு நாள் வாசலில் வழிமறித்தாள். "அடியே, உன் மூஞ்சி என்ன இப்படி மினுங்குது? என்ன தேய்ச்சுக்கறே?"

"தூங்கறேன்க்கா."

"எங்க விக்கறாங்க?"

இவள் விஷயத்தைச் சொன்னாள். அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். வலிப்புக்காரப் பையனை வைத்துக்கொண்டு குளிக்கப் போனால்கூடக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குளிக்கிறவள் அவள். "நீயெல்லாம் ஒரு பொம்பளையாடி? இத்தனை நாள் கூடப் பழகறே, என் மேல ஒரு புகார் கொடுக்கணும்னு தோணிச்சா உனக்கு?"

"தப்புத்தான்க்கா. நாளைக்கே கொடுத்துடறேன்."

"நல்லாக் கொடு. சோறு போடமாட்டா, சாமானை விட்டெறிவான்னு சொல்லு."

"அவ்வளவு வேணாம்க்கா, சிவப்பாயிடும். காலுறைன்னு சொல்றேன்."

ஆஸ்பத்திரி வராண்டாவில் காத்திருக்கிற அம்மாக்களிடம் ஒரு சேதி போனால் நிற்குமா? ஒரே மாதத்தில் புகார் ஜன்னல் முன்னால் வரிசை தெருவைத் தொட்டது. "சார், நான் ரொம்ப மோசமான அம்மா சார்." "என்னை விடவா? சார், இந்தம்மாவை நம்பாதீங்க, இவங்க நல்லாப் பாத்துக்கறாங்க. நான்தான் மோசம்." ஒரு அப்பா தன் பெண்டாட்டி மேல் புகார் கொடுத்தார், அந்த அம்மா அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தீர்களா? கவனக்குறைவு எப்படிப் பெருகியிருக்கிறது! நாம் இல்லாவிட்டால் இது நமக்குத் தெரிந்திருக்குமா?" என்று கூட்டம் போட்டுப் பேசினார். இருந்த ஆட்களை எல்லாம் கண்காணிப்புக்கு அனுப்பினார். தோட்டக்காரரும் மடக்கு நாற்காலியோடு போனார். வாரியத்தின் இல்லத்தில் வேலைக்கு வைத்திருந்த நர்சம்மாக்களும் போனார்கள்.

அந்த இல்லத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது புத்தம் புதுசு. வாசல் இருந்தது, வரவேற்பறை இருந்தது, கட்டிலெல்லாம் உறை பிரிக்காமல் இருந்தது. திறப்பு விழாவுக்கு நாள் குறித்து, ரிப்பனும் கட்டியாயிற்று. ஒரே ஒரு குறை, உள்ளே வைக்க ஒரு குழந்தை இல்லை. வந்த அறிக்கை அத்தனையும் மஞ்சள். காலுறை, ரிப்பன், சுருதி.

"சந்தேகம் சந்தேகம் என்று எத்தனை நாள் ஓட்டுவது?" என்று சீறினார் தலைவர். "ஒரு சிவப்பாவது வேண்டாமா? விழாவில் நான் யாரைத் தூக்கிக்கொண்டு போட்டோவுக்கு நிற்பது? எடுங்கள் முதல் வழக்கை. நானே நேரில் போகிறேன்."

ஒரு மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல், குமாஸ்தாவையும் கூட்டிக்கொண்டு வந்து கதவைத் தள்ளிவிட்டார்.

உள்ளே தாய் பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கண்காணிப்பாளர் சிரிஞ்சு நிறையப் பாலை ஊற்றி உயரத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். குழாய் டமாரத்தின் வயிற்றுக்குப் போனது.

"ஆகா!" என்றார் தலைவர்.

"மெதுவா சார்," என்று கிசுகிசுத்தார் கண்காணிப்பாளர். "அம்மா தூங்கறாங்க."

அந்த 'ஆகா'விலேயே அவளுக்கு முழிப்பு வந்துவிட்டது. பால்கனிக் குரல்.  எழுந்தால் தூங்கியது நிரூபணம். எழாவிட்டாலும் நிரூபணம். கண்ணை இடுக்கி அசையாமல் கிடந்தாள். நெஞ்சு மட்டும் டமாரத்தின் பலகை மாதிரி அடித்துக்கொண்டது.

தலைவர் குரலைத் தாழ்த்தினார். மைக் இல்லாததால் அதுவும் கொஞ்சம் வசதியாகவே வந்தது. "தாய் தூங்குகிறார். நிரூபணம். நீர் கை வைத்திருக்கிறீர். அதுவும் நிரூபணம். உம்மை இந்த நிமிஷத்திலிருந்து வேலையிலிருந்து நிறுத்துகிறேன். கையை எடும்!"

"எடுத்துட்டா பால் கொட்டிடும் சார்."

"நிறுத்தப்பட்டவர் குழந்தையைத் தொடக் கூடாது. எடும் என்கிறேன்!"

"அப்போ இதை நீங்க பிடிங்க," என்று சிரிஞ்சைத் தலைவர் கையில் திணித்துவிட்டு அவர் விலகி நின்றுகொண்டார்.

குழாயில் ஒரு கவ்வி இருந்தது. அதைச் சுண்டுவிரலால் அழுத்தினால் பால் நின்றுவிடும், யாரும் எதையும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். கண்காணிப்பாளர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர் ஆலோசனை சொல்லலாம் என்று விதியில் எங்கேயும் இல்லையே.

"கொஞ்சம் உசத்திப் பிடிங்க சார். இறக்கினா திரும்பி வந்துடும். ரொம்ப உசத்தாதீங்க, வேகமாப் போனா குழந்தைக்கு வாந்தி வரும். அங்கதான். அப்படியே."

தலைவர் அப்படியே நின்றார். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு குழந்தை அவருக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது. டமாரத்துக்கு அவருடைய டை மிகவும் பிடித்துவிட்டது. எட்டிப் பிடித்து இழுத்தாள். தலைவர் குனிந்தார். ஆனால் கை குனியக் கூடாதே! உடம்பு கீழே, கை மேலே. அந்தக் கோலத்தில் அவரைப் பார்த்ததும் டமாரத்துக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. பலகையில் முழக்கு விழுந்தது.

"இவ ஏன் சிரிக்கறா?" என்றார் தலைவர். பதற்றத்தில் மேடைத் தமிழ் நழுவிவிட்டிருந்தது.

"உங்களைப் பிடிச்சிருக்கு சார்."

"இது எப்ப முடியும்?"

"பால் மெதுவாத்தான் சார் இறங்கும். முடிஞ்சதும் தண்ணி விடணும். அப்புறம் அரை மணி நேரம் நிமிர்த்தி வெச்சிருக்கணும், சாயக் கூடாது. அதுக்குள்ள சளி வந்தா எடுக்கணும். அப்புறம் மருந்து. துணி மாத்தணும். திருப்பிப் படுக்கவெக்கணும், இல்லேன்னா முதுகு புண்ணாயிடும். அதுக்குள்ள அடுத்த பால் வந்துடும்."

தலைவர் சிரிஞ்சை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "இதெல்லாம் இந்தம்மா ஒருத்தியேவா?"

"ஆமா சார்."

"ராத்திரியிலயும்?"

"ராத்திரின்னு குழந்தை வயித்துக்குத் தெரியுமா சார்?"

"அப்போ இவங்க எப்பத்தான்யா தூங்குவாங்க?"

"இப்பத்தான் சார்."

 குமாஸ்தா பேனாவை எடுத்தார். "சார், சிவப்புன்னு எழுதிடட்டுமா?"

பாயில் கிடந்தவள் அதைக் கேட்டதும் கையை ஊன்றி எழப்போனாள். கண்காணிப்பாளர் அவளைப் பார்க்காமலே, தலையை இலேசாக ஆட்டினார். வேண்டாம்.

"எழுதுங்க," என்றார் கண்காணிப்பாளர் குமாஸ்தாவிடம், அப்பாவியாக. "குழந்தையை இல்லத்துக்குக் கொண்டு போயிடலாம். அங்க இப்ப யாரு இருக்கா?"

"யாருமில்ல. எல்லாரும் கண்காணிப்புல இருக்காங்க."

"அப்போ அங்க யாரு பால் விடறது?"

குமாஸ்தா விதிகளை மனப்பாடமாகவே வைத்திருந்தவர். "பணியாளர் திரும்பும்வரை இல்லத்திலுள்ள குழந்தைகளுக்கு, இரவு பகல் எந்நேரமும், தலைவரே நேரடிப் பொறுப்பு," என்று ஒப்பித்துவிட்டு, பேனாவைத் தாளில் வைத்தார். "சிவப்புத்தானே சார்?"

"இரு!" என்றார் தலைவர், கிசுகிசுப்பாகவும் அவசரமாகவும்.

"அப்போ வெள்ளையா? வெள்ளைன்னா வழக்கு முடிஞ்சிடும். நாளையிலேர்ந்து யாரும் இங்க வரவேண்டியதில்ல."

தலைவர் தன் கையைப் பார்த்தார். பால் இன்னும் பாதி இருந்தது. டையைப் பிடித்துக்கொண்டிருந்த அந்தச் சின்னக் கையைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு, மூச்சையும் பிடித்துக்கொண்டு கிடந்தவளைச் சற்று அதிக நேரமே பார்த்தார். தூக்கமா, தூங்குவது போன்ற நடிப்பா என்று கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அவர் முட்டாள் இல்லை, கண்ணுகளா. தலைவராக இருந்தார், அவ்வளவுதான்.

"எழுது," என்றார், மறுபடியும் மேடைத் தமிழுக்கு ஏறி. "இந்தத் தாயின் மீது வாரியத்துக்குப் பலமான சந்தேகம் இருக்கிறது. இப்படிப்பட்டவரை ஒரு நாளும் தனியாக விடக் கூடாது. தீவிரக் கண்காணிப்பு தொடர வேண்டும்."

"எந்தத் தேதி வரைக்கும் சார்?"

"தேதி போடாதே. சந்தேகம் தீருகிறவரை."

"எப்ப தீரும் சார்?"

"இந்தப் பொண்ணு வளர்ந்து ஆளாகற வரைக்கும் தீராதுய்யா. எழுது."

"இவரு கை பட்டுச்சே சார், அதை என்ன பண்றது?"

"யாரோட கை?" என்றார் தலைவர், தன் கையை உயர்த்திப் பிடித்தபடியே. "இங்க எந்தக் கையும் எதுலயும் படல. நீ எதையும் பாக்கல."

"திறப்பு விழா?"

"ரிப்பனை மட்டும் வெட்டிக்கலாம். சும்மா இரு, தண்ணி எங்க இருக்குன்னு பாரு, பால் முடியப்போகுது."

பாயில் கிடந்தவள் இத்தனையும் கேட்டாள். ஒரு தாயைப் பற்றி இதைவிடக் கேவலமாக ஒரு தீர்ப்பு எழுத முடியாது. நம்பத் தகாதவள், தனியாக விடக் கூடாதவள், தன் பிள்ளை ஆளாகிற வரைக்கும் சந்தேகத்துக்குரியவள். மூடிய இமைக்கு அடியிலிருந்து ஒரு சொட்டு வழிந்து காதுக்குள் போனது. அவள் அதைத் துடைத்துக்கொள்ளவில்லை. மெல்லச் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்து, தலைவரும் குமாஸ்தாவும் கண்காணிப்பாளரும் டமாரத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்க, இந்தத் தடவை நிஜமாகவே தூங்கிப்போனாள்.